டிங்... டிங்... டிங்... டொங்!

மதியம் மூன்று மணி. ஆபீஸ். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் கூட்டணி அமைத்துக் கண் இமைகளைக் கீழே இழுத்துக் கொண்டிருக்கின்றன. தலைக்கு மேல் ஃபேன் ‘கடக்... கடக்... கடக்...’ என்று அழுதபடி சுற்றுகிறது. காலை பத்து மணியிலிருந்து அப்படித்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் வேலை ஓடாது.

திடீரென்று அந்தக் ‘கடக்’ நிற்கிறது.

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. ஃபைல் கட்டுக்குப் பின்னால் கண்ணை மூடி ‘யோசித்துக்’ கொண்டிருந்த ஹெட்கிளார்க் உட்பட!

காற்று நின்றதால் நிமிர்ந்தார்கள் என்பீர்கள். சரி, ஃபேனை விடுங்கள். ராத்திரி ஹாலில் ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓய்கிறது. அந்த நிமிஷம்தான், ‘அட, இத்தனை நேரம் இது ஓடிக்கொண்டா இருந்தது!’ என்று உறைக்கிறது. ஃபிரிட்ஜ் யாருக்கும் காற்று வீசுவதில்லை.

சத்தம் கேட்டுத் திரும்பினால் நியாயம். கேட்காத சத்தம் நின்று போனதற்கு ஏன் ஸார் திரும்ப வேண்டும்? நீங்கள் கேட்கவில்லை என்றால், இத்தனை நேரம் வேறு யார் கேட்டுக்கொண்டிருந்தது?

உள்ளே ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, யூனியன் கிடையாது. நீங்கள் நாவல் படித்தாலும், மேனேஜரிடம் திட்டு வாங்கினாலும், தூங்கினாலும் காது வழியாக வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் அவர் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறார். ‘இதுவரை இப்படி வந்தது, அடுத்ததும் இப்படித்தான் வரணும்.’ அப்படியே வந்தால் பேசாமல் இருந்துவிடுவார். மாறி வந்தால் உடனே நோட்டில் ஒரு கீறல் போடுவார்.

இது கவிஞர் கற்பனை இல்லை. அந்தக் கீறலை அளந்து படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வாய் பேசாத பச்சைக் குழந்தையிடமும், ஐ.சி.யு.வில் அசையாமல் கிடக்கிற மனிதரிடமும் ‘உள்ளே யாராவது இருக்கீங்களா?’ என்று கதவைத் தட்டவும் செய்கிறார்கள்.

குதிரை தள்ளிவிட்ட சிப்பாய்

கதை ஜெர்மனியில் ஒரு குதிரையிடம் ஆரம்பிக்கிறது. ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில் வீட்டிலிருந்து தந்தி. ‘நீ நலமா?’ தூரத்து ஊரில் இருந்த அவருடைய அக்காவுக்கு, தம்பிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டதாம். அப்பாவை நச்சரித்துத் தந்தி கொடுக்க வைத்திருக்கிறாள்.

பெர்கர் ஆடிப்போனார். மூளைக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒன்று பாய்கிறதா என்று கண்டுபிடித்தே தீருவது என்று டாக்டருக்குப் படித்தார். ஜெனா நகரில் மனநல மருத்துவரானார். 1924-ல் முதல் முறையாக மனித மூளையின் மின்சாரத் துடிப்பைப் பதிவு செய்தார். நம்புவார்களோ மாட்டார்களோ என்று ஐந்து வருஷம் தயங்கி 1929-ல் வெளியிட்டார். அதுதான் ஈ.ஈ.ஜி. அக்காவின் டெலிபதி அகப்படவில்லை. ஆனால் வலிப்பு நோயிலிருந்து தூக்கக் கோளாறு வரை ஆராய இன்று வரை உதவுகிற ஒரு கருவி கிடைத்துவிட்டது. பூதம் தோண்டக் கிணறு கிடைத்த கதை.

ஈ.ஈ.ஜி. என்பது ரொம்ப சாதுவான சமாசாரம். தலையில் ஒரு தொப்பி. அதில் குட்டிக் குட்டி உலோகப் பொட்டுகள். ‘ஷாக் அடிக்குமா டாக்டர்?’ என்று கேட்க வேண்டாம். அதற்குள்ளே கரன்ட் எதுவும் அனுப்புவதில்லை, நம்மிடமிருந்து வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். வருவதும் கொஞ்ச நஞ்சம்தான். டார்ச் பேட்டரி ஒன்றரை வோல்ட். மண்டைத் தோல் மேல் கிடைக்கிற மூளை மின்சாரம் அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். வாட்ச்மேன் போடுகிற கீறலோ அதிலும் குட்டி. மூன்று மைக்ரோ வோல்ட் என்று வைத்துக்கொண்டால், பேட்டரியில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு!

இதை எப்படிப் பொறுக்கி எடுப்பது? சேப்பாக்கம் ஸ்டேடியத்தைக் கற்பனை செய்யுங்கள். ஜனம் ஹோவென்று கத்துகிறது. அதில் ஒரே ஒரு ஆசாமி மட்டும், ஒவ்வொரு பந்தும் பவுலர் கையை விட்டுக் கிளம்பிய சரியாக இரண்டாவது விநாடியில் சன்னமாக விசில் அடிக்கிறார். ஒரு பந்தை மட்டும் கேட்டால் விசில் காதிலேயே விழாது. முந்நூறு பந்துகளின் பதிவையும், பந்து கிளம்பிய நொடியை ஒன்றாக வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்? கூச்சல் ஒருதரம் மேலே, ஒருதரம் கீழே என்று தாறுமாறாக இருப்பதால் அடித்துக்கொண்டு போய்விடும். விசில் மட்டும் அதே இடத்தில் நிமிர்ந்து நிற்கும். நூறு தடவை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. இந்த உபாயத்தில்தான் வாட்ச்மேன் பிடிபட்டார்.

ஆறு புள்ளி வைத்த ஆசாமி

பிடித்தவர் ஃபின்லாந்துக்காரர் ரிஸ்டோ நாட்டனென். அவர் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதினால் தலையில் ஆறு புள்ளிகள் வரும். சுற்றிக் கோடு இழுத்தால் ஒரு சின்னக் கோலமே போட்டுவிடலாம். 1975-ல் நெதர்லாந்துக்குப் போயிருந்தபோது அவரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 1978-ல் வெளிவந்தது.

சோதனை இதுதான். இரண்டு காதிலும் ஹெட்போன். ‘டிங்... டிங்... டிங்... டிங்...’ என்று ஒரே மாதிரி சத்தம். எப்போதாவது ஒரு தடவை மட்டும் கொஞ்சம் மாறி ‘டொங்’. ‘ஒரு காதில் வருகிற டொங்கை மட்டும் கவனியுங்கள். இன்னொரு காதை மறந்துவிடுங்கள்’ என்று உத்தரவு.

கவனித்த காதில் ‘டொங்’ வந்தபோது மூளை அலை ஒரு பள்ளம் விழுந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மறந்துவிடச் சொன்ன காதில் ‘டொங்’ வந்தபோதும் கிட்டத்தட்ட அதே பள்ளம்! முதலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் மட்டும் சிரத்தையாகக் குறித்து வைத்திருக்கிறார்.

இதற்கு ‘மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி’ என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக எம்.எம்.என். தமிழில் ‘பொருந்தாமை அலை’ என்று சொல்லிப் பார்க்கலாம். சத்தம் மாறிய பத்தில் ஒரு பங்கு விநாடியிலிருந்து கால் விநாடிக்குள் வந்து போய்விடும். நீங்கள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் ஃபைல் க்ளோஸ்!

இப்போதெல்லாம் இந்த டெஸ்ட்டை எடுக்கும்போது ஆசாமிக்குச் சத்தமில்லாமல் ஒரு சினிமா போட்டுவிடுகிறார்கள். அல்லது கையில் புத்தகம். ‘நீங்க பாட்டுக்குப் பாருங்க, காதில் விழுவதைக் கண்டுக்காதீங்க.’ எம்.எம்.என். பாட்டுக்கு வரும்.

‘அட, புதுச் சத்தம் காதைக் கொஞ்சம் பலமாகக் குத்தியிருக்கும், அதுதான் அலை’ என்று நீங்கள் சந்தேகப்பட்டால், உங்களுக்கு விஞ்ஞானி ஆகிற லட்சணம் இருக்கிறது. அவர்களும் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். அதனால் ‘டொங்’கைச் சத்தம் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அலை வந்தது. நீளம் குறைந்த ஒலி கொடுத்தார்கள். வந்தது. உச்சகட்டமாக, வேகமாக ஓடுகிற ‘டிங்டிங்டிங்’ வரிசையில் நடுவே ஒன்றைக் காணாமல் அடித்தார்கள். சத்தமே இல்லாத அந்தக் காலி இடத்துக்கும் அலை வந்தது. 1990-களில் இது நிரூபணமானது. ஒன்றுமில்லாதது எப்படி ஐயா காதைக் குத்தும்?

ஆக, மூளை சத்தத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. தான் போட்டு வைத்த கணக்குக்கும் காதில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பதில் சொல்கிறது. இதில் கட்சி பிரிந்து சண்டையும் உண்டு. ‘கணக்காவது கிணக்காவது, ஒரே சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நரம்பு செல்கள் சலித்துப் போகின்றன, புதுசுக்கு விழித்துக்கொள்கின்றன’ என்பது ஒரு கட்சி. ஜெருசலேமில் பூனைகளின் மூளையில் இப்படிச் சலித்துப்போகிற செல்களை 2003-ல் காட்டினார்கள். ‘சலிப்பு இருக்கலாம். ஆனால் வராத சத்தத்துக்கு எந்த செல் விழித்துக்கொள்ளும்?’ என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் இன்றைய நிலவரம். கூட்டணி ஆட்சி.

வாட்ச்மேன் எப்போது முதலாளியை எழுப்புவார்?

எல்லாக் கீறலுக்கும் முதலாளியைக் கூப்பிட்டால் வீடு உருப்படாது. விஷயம் முக்கியம் என்று பட்டால்தான் உள்ளே தகவல் போகும். அப்போது வேறொரு அலை வருகிறது. பெரியது, தாமதமானது. சுமார் 300 மில்லி செகண்டில் மேல்நோக்கி எழும்புவதால் இதற்கு பி-300 என்று பெயர். நியூயார்க்கில் சாமுவேல் சட்டன் குழுவினர் 1965-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எதிர்பாராதது வந்து, அது உங்களுக்கு உறைக்கவும் செய்தால் பி-300. உறைக்காமல் வாட்ச்மேனோடு முடிந்தால் வெறும் எம்.எம்.என். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஐ.சி.யு.வில் தேவைப்படும்.

எது முக்கியம் என்பதில் வாட்ச்மேன் ஆள் பார்த்துத்தான் நடக்கிறார். சொந்தப் பெயரைச் சொன்னால் தூங்குகிற மூளையும் மற்றப் பெயர்களைவிட அதிகமாகத் துள்ளுகிறது. பஸ்ஸில் தூங்குபவரை ‘ஸார்... ஸார்...’ என்று உலுக்குவதைவிடப் பெயர் தெரிந்தால் சொல்லிக் கூப்பிடுவது மேல். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் செல்போன் ரிங்டோனை வைத்து சோதித்தார்கள். அடுத்தவர் ரிங்டோனுக்கும் தன் ரிங்டோனுக்கும் மூளை வேறு வேறு மாதிரி பதில் சொல்கிறது, அதுவும் ஆள் கவனிக்காமல் இருக்கும்போதே!

ஆபீஸ் நண்பர்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. பக்கத்து சீட்டில் யாரோ பேனாவைத் தட்டுகிறார், தெருவில் யாரோ ஹாரன் அடிக்கிறார். சீரான இரைச்சலுக்கு வாட்ச்மேன் பழகிவிடுவார். சீரில்லாததற்குப் பழகவே மாட்டார். வேலையில் மூழ்கியிருக்கும்போது எதிர்பாராத ஒரு ஒலி வந்தால், அடுத்த பட்டனை அழுத்துவதில் ஒரு துளித் தாமதம் விழுகிறது என்று அளந்திருக்கிறார்கள். தாமதம் மில்லி செகண்டுகளில்தான். ஆகவே, ‘கவனம் கலைஞ்சிடுச்சு ஸார்’ என்பது மருத்துவ உண்மை. மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். ‘நேத்து முழுக்க கலைஞ்சு இருந்துதா?’ என்று கேட்டால் நான் பொறுப்பில்லை.

தூளியில் ஒரு பரீட்சை

பெரியவர்களிடம் ‘வித்தியாசம் கேட்டதா?’ என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையிடம் எப்படிக் கேட்பது? அதற்குத் தெரிந்த பதில் ஒன்றுதான், அழுகை.

இங்கேதான் எம்.எம்.என். கைகொடுக்கிறது. ஆசாமி கவனிக்க வேண்டாம், பேச வேண்டாம், விழித்திருக்கவும் வேண்டாம். 1990-ல் ஹெல்சிங்கியில், தூங்குகிற பச்சைக் குழந்தைகளிடமே இந்த மாதிரி அலை வருவதைக் காட்டினார்கள்.

அடுத்து ஒரு அருமையான சோதனை. ஃபின்லாந்தும் எஸ்டோனியாவும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். மொழிகளும் பங்காளிகள்தான். ஆனால் எஸ்டோனிய மொழியில் ஓர் உயிரெழுத்து அதிகம், ஃபின்னிஷில் அது கிடையாது. அந்த ஒலியை இடையில் புகுத்தியபோது எஸ்டோனியர்களின் மூளை பெரிய அலையாகக் காட்டியது, ஃபின்லாந்துக்காரர்களின் மூளை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. இது 1997. மறுவருஷம் குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஆறு மாசத்தில் ஃபின்லாந்துக் குழந்தைக்கு அந்த ஒலி தாய்மொழி ஒலியா இல்லையா என்ற பாகுபாடு இல்லை. மாறுதல் எவ்வளவோ அவ்வளவு அலை. ஒரு வயசில், தாய்மொழி ஒலிக்குப் பெரிய அலை, வெளியூர் ஒலிக்குச் சின்ன அலை என்று ஆகிவிட்டது. அம்மா என்று சொல்வதற்குள்ளேயே வாட்ச்மேன் அம்மாவின் மொழியில் ரிஜிஸ்டர் போட்டுவிடுகிறார்! நம் ‘ழ’வை டெல்லி நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, ‘அதான் சொல்றேனே, ல!’ என்று பதில் வாங்கியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ‘பெரா’ டெஸ்ட் எடுக்கிறார்கள். அது வேறு. காதிலிருந்து மூளைத்தண்டு வரை ஒயர் ஒழுங்காக இருக்கிறதா என்று அது சொல்லும். போஸ்ட்மேன் வீடு வரை வந்தாரா என்கிற கேள்வி. கடிதத்தை யாராவது பிரித்துப் படித்தார்களா, ‘ப’வுக்கும் ‘த’வுக்கும் வித்தியாசம் மூளைக்குப் புரிந்ததா என்கிற கேள்விக்குத்தான் எம்.எம்.என். காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டவர்களிடமும் 1990-களிலிருந்து இதை அளந்து பார்த்து வருகிறார்கள். கருவி சத்தம் தருகிறது, சரி. வித்தியாசம் தருகிறதா?

மனசு சிதையும்போது

1991-ல் சிட்னியில் ஒரு குழு, ஸ்கிஸோஃப்ரீனியா எனும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்த அலை சின்னதாக இருப்பதைக் கண்டது. அதற்குப் பின் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது, முடிவு மாறவில்லை. மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமைனைக் குறைந்த அளவில் நல்ல ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தாலும் அலை குறைகிறது என்று 2000-ல் காட்டினார்கள். அந்த மருந்து மூளையில் என்.எம்.டி.ஏ. என்கிற ஒரு வகைப் பூட்டை அடைக்கிறது. நோயிலும் அதே பூட்டில்தான் கோளாறோ என்று சந்தேகம் அங்கே பலப்பட்டது.

கவனிக்கவும்: இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரை உட்கார வைத்துத் தொப்பி மாட்டி, ‘அலை சின்னது, உங்களுக்கு இந்த வியாதி’ என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்கு அலை சின்னதுதான். புது மருந்துகள் மூளையைத் தொடுகின்றனவா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஒரு அளவுகோல், அவ்வளவே.

கோர்ட்டுக்குப் போன அலை

மூளை சொல்வதைக் கேட்கலாம் என்றதும் போலீஸுக்கும் ஆசை வருமா, வராதா? பத்திரிகைகளில் ‘பிரெயின் மேப்பிங்’ என்று படித்திருப்பீர்கள். அதன் ஒரு வகைக்கு அடிப்படை நம்ம பி-300-தான். சம்பந்தமில்லாத வார்த்தைகள் அல்லது படங்களுக்கு நடுவே, குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நுழைப்பார்கள். அவன் வாய் ‘எனக்குத் தெரியாது’ என்றாலும் மூளை ‘ஆஹா, இது அதுவாச்சே’ என்று அலை எழுப்பும் என்பது நம்பிக்கை.

சங்கடம் என்னவென்றால், அலை ‘இது எனக்குத் தெரிந்தது’ என்று மட்டும்தான் சொல்லும். ‘நான் செய்தேன்’ என்று சொல்லாது. கத்தியை டி.வி.யில் பார்த்தவனுக்கும் அது தெரிந்ததுதான். தவிர, சாமர்த்தியசாலிகள் மற்ற வார்த்தைகளுக்கும் மனசுக்குள் ரகசியமாக ஏதாவது செய்து குழப்பிவிட முடியும். செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலும் அதனுடன் சேர்த்து விசாரித்த மற்ற வழக்குகளிலும் சுப்ரீம் கோர்ட் 2010 மே 5 அன்று தீர்ப்புச் சொன்னது. உண்மை அறியும் ஊசி, பொய் கண்டுபிடிக்கும் கருவி, மூளை அலை சோதனை மூன்றையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் மேல் திணிக்கக்கூடாது. வாய் மூடி இருக்கிற உரிமை மூளைக்கும் உண்டு!

‘அவருக்குக் காது கேக்குதாப்பா?’

இனி விளையாட்டு இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் சித்தப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஐ.சி.யு.வில் இருந்தார். கோமா. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். சித்தி தினமும் அவர் காதோரம் குனிந்து, பால்காரர் கணக்கு முடித்தது, மோட்டார் ரிப்பேர், பெரிய பையன் மாடல் பரீட்சை என்று வீட்டுச் செய்தி வாசிப்பாள். அவர் முகத்தில் ஒரு அசைவு இருக்காது. ஆறாம் நாள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள் என்னைக் கேட்டாள்.

“அவருக்குக் காது கேக்குதாப்பா? இல்ல நான் பாட்டுக்குச் சுவத்துக்குச் சொல்லிண்டிருக்கேனா?”

என்னிடம் பதில் இல்லை. ‘கேக்கும் சித்தி’ என்று சொல்லிவைத்தேன். பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சித்தியின் கேள்வியை டாக்டர்களும் கேட்டிருக்கிறார்கள். பிரான்ஸில் லியோன் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர்கள் கோமாவில் இருந்த 128 பேருக்கு ‘டிங் டிங் டொங்’ ஒலித்து அலை பார்த்தார்கள். 1999-ல் முடிவு வெளிவந்தது. எம்.எம்.என். தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நினைவு திரும்பியது. வாட்ச்மேன் நடமாடுகிற வீட்டில் விளக்கு எரியும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதன் மறுபக்கம்தான் முக்கியம். அலை தெரியாதவர்களிலும் கணிசமான பேர் விழித்து எழுந்தார்கள். அதனால் வந்தால் நல்ல செய்தி. வராவிட்டால் கெட்ட செய்தி என்று அர்த்தமே இல்லை. யாருடைய மானிட்டரிலாவது இந்தக் கீறல் இல்லை என்பதற்காக நம்பிக்கையை மூட்டை கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி பாக்கி. வாட்ச்மேன் இருக்கிறார், சரி. முதலாளி விழித்திருக்கிறாரா? 2009-ல் பாரிஸ் குழு ஒன்று இதற்கு ஒரு கெட்டிக்காரத் தாளத்தைக் கண்டுபிடித்தது. ஐந்து ஐந்து ஒலியாகக் கொடுப்பார்கள். ‘டிங் டிங் டிங் டிங் டொங்’. மறுபடி ‘டிங் டிங் டிங் டிங் டொங்’. இப்படியே பல தடவை. ஒவ்வொரு கடைசி ‘டொங்’குக்கும் வாட்ச்மேன் கீறுவார். அவர் கண்ணோட்டம் ஓரிரு விநாடிக்குள் அடங்குவது. திடீரென்று ஒரு தடவை ‘டிங் டிங் டிங் டிங் டிங்’ என்று வரும். ஐந்தும் ஒன்றே, வாட்ச்மேனுக்குப் புகார் இல்லை. ஆனால் முழு வரிசையையும் கவனித்துக்கொண்டிருந்தவர், ‘என்னது, இந்தத் தடவை டொங் வரலையே!’ என்று திடுக்கிடுவார். பி-300 வரும். அதற்கு விழிப்பும் கவனமும் வேண்டும். ஆரோக்கியமானவர்களிடமே, கவனத்தை வேறு வேலையில் திருப்பிவிட்டால் இந்தப் பெரிய அலை மறைந்துவிடுகிறது.

நினைவில்லை என்று கருதப்பட்ட நோயாளியிடம் இந்த இரண்டாவது திடுக்கிடல் தெரிந்தால், டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரை மறுபடி சோதிக்க வேண்டும். இதிலும் அதே எச்சரிக்கைதான். நினைவோடு இருக்கிற நோயாளிகள் பலரிடமும் இந்த அலை அகப்படுவதில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் தினசரி செய்கிற சோதனையும் இல்லை இது. மற்றச் சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கிற ஒரு சாட்சி.

சித்தப்பா இருந்த இடத்தில் இந்த டெஸ்ட் எடுக்கவில்லை. பதினோராம் நாள் அவராகவே கண் திறந்தார். வார்டுக்கு மாற்றிய பிறகு, சித்தி சொன்ன பால் கணக்கில் ஒரு வரியாவது நினைவிருக்கிறதா என்று கேட்டோம். ஒன்றுமில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். அல்லது வாட்ச்மேன் எல்லாவற்றையும் குறித்து, முதலாளியிடம் காட்டாமலே நோட்டை மூடியிருக்கலாம். இரண்டில் எது என்று யாராலும் இனிமேல் சொல்ல முடியாது. சித்திக்கு மட்டும் இதில் சந்தேகமே கிடையாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். நம் காலமெல்லாம் ‘அசைந்தால்தான் ஆள், பேசினால்தான் புத்தி’ என்று நினைத்திருந்தோம். அசையாத, பேசாத ஒரு தலைக்குள்ளும் யாரோ அடுத்த ஒலிக்காகக் காத்திருக்கலாம் என்று இந்த ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு மின்சாரம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஐ.சி.யு. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு ‘இனிமே என்ன, ஆக வேண்டியதைப் பாருங்க’ என்று உரக்கப் பேசுகிற தூரத்து உறவினர்களின் கவனத்துக்கு: ஐயா, மெதுவாக. உள்ளே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடும்!